தார்ப்பாயும் பாய்தான்

"தலைய உள்ள இழு."

"மூச்சு முட்டுதுக்கா."

"முட்டட்டும். பன்னெண்டு ரவுண்டு நின்னு அடிச்சவன்தானே நீ? கொஞ்ச நேரம் பாய்க்குள்ள குனிஞ்சு இருக்க முடியலையா?"

"அங்க காத்து வரும். இங்க ஒரே பூச்சி உருண்ட வாசன. எந்தப் பெட்டியில வச்சிருந்த இத?"

"வாய மூடு. உள்ள இருந்து பேசக் கூடாது. பேசுனா மதிப்புப் போயிரும்."

"நீதானேக்கா பேசுற."

மகெரிதா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் சொன்னதும் சரிதான், அதுதான் எரிச்சல். இன்னும் விடியவில்லை. வைமாலு கிராமத்துப் பெரியவர் லெயவாசாவின் வீட்டு முற்றத்தில், வெள்ளைப் பவளச் சல்லியின் மேல், அக்காளும் தம்பியும் ஒரே பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு முழங்காலிட்டிருந்தார்கள். ஊர் வழக்கப்படி, வயதுக்கு வந்த நாளிலிருந்து ஒரே பாயில் சேர்ந்து உட்காராதவர்கள். இப்போது ஐம்பதை நெருங்கும் காலத்தில் அவன் முழங்கை அவள் விலாவில் இடித்தது. முழங்கையா அது, உலக்கை.

பாய் சாதாரணப் பாய் இல்லை. தாழை ஓலையை நூலாகக் கிழித்துப் பின்னிய சன்னப் பாய். துணி மாதிரி மடியும். மகள் கல்யாணத்துக்கென்று மகெரிதா பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அதைத்தான் இப்போது இந்தத் தடியன் தலையில் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான்.

இஃபோங்கா என்னும் மன்னிப்புச் சடங்கு இப்படித்தான். கெடுதல் செய்தவன் கெடுதல் பட்டவன் வீட்டு வாசலில் விடியுமுன் வந்து பாய்க்குள் குனிய வேண்டும். குடும்பத்தின் தலைமைப் பட்டம் யாரிடம் இருக்கிறதோ அவரும் கூடவே குனிய வேண்டும். அந்த வீட்டார் பாயை எடுத்துவிட்டால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம். அப்பா செத்ததும் பட்டம் மகெரிதாவுக்கு வந்தது. கூட்டம் கூடி ஒருமனதாகக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பட்டத்தோடு தம்பியின் பாவமும் சேர்ந்து வரும் என்று ஒருவனும் சொல்லவில்லை.

தம்பியிடமும் ஒரு பட்டம் இருந்தது. பசிபிக் வட்டாரத்துக் கனஎடைக் குத்துச்சண்டைப் பட்டம். லஃபாயெலே அந்தச் சாம்பியன் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்த அன்று ஆறு பன்றி அடித்தார்கள். அன்று சாயங்காலமே, குடித்துவிட்டு நடு ரோட்டில் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து ஹாரன் அடித்தான் என்பதற்காக, வைமாலு பஸ் ஓட்டுநரை, லெயவாசா வீட்டுப் பையன் ஓனோசாயை, இருக்கையிலிருந்து இழுத்து இறக்கி ஒரு குத்து விட்டான் லஃபாயெலே. புகழ் பெற்ற இடது கைக் குத்து. ஓனோசாயின் வலது கண் போயிற்று. கண்ணோடு பஸ்ஸும் போயிற்று. சாம்பியனின் குடும்பம் எவன் வாசலிலும் மண்டியிடாது என்று அப்பா சொல்லிவிட்டார். லஃபாயெலே அடுத்த விமானத்தில் ஆக்லாந்துக்குப் பறந்துவிட்டான்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். குடி, கடன், ஓடிப்போன மனைவி, இன்னொரு சண்டை, சிறை. கடைசியில் நியூசிலாந்துக்காரர்கள் அவனை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பையோடு வந்து இறங்கினான். குடியை விட்டிருந்தான். அந்த இடத்தில் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

மன்னிப்புக் கேட்கும் வியாதி.

சின்ன வயதில் சிகரெட் திருடிய கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, பாட்டுக்குழுப் பெண்மணி ஒருத்தியிடம் கேட்டான். என்னத்துக்கென்று அவளுக்கே ஞாபகமில்லை, ஆனாலும் அவள் புருஷனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகெரிதா தன் ரொட்டிக்கடையில் அவனை மாவு பிசைய வைத்தாள். தேங்காய்ப்பால் ரொட்டி சின்னதாக இருந்தால் அதற்கு வாடிக்கையாளரிடம் மன்னிப்பு. பெரிதாக இருந்தால் காக்க வைத்ததற்கு மன்னிப்பு. ஒரு நாயிடம் அவன் கேட்டதைப் பார்த்ததாகக்கூட ஒருத்தி சத்தியம் செய்தாள்.

"கேக்க வேண்டியவன விட்டுட்டு ஊர்ல உள்ள எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத் திரியற!" என்று போன வாரம் மகெரிதா கத்திவிட்டாள்.

"அப்ப நீ வாக்கா," என்றான் அவன் உடனே. "பட்டம் உன்கிட்டதானே இருக்கு."

அவள் வாயே அவளை மாட்டிவிட்டது.

இப்போது பாய்க்கு வெளியே கதவு திறக்கும் சத்தம். நாய் குரைத்தது. இந்த வீட்டில் முரட்டு இளவட்டங்கள் நிறைய. பாய்க்குள் குனிந்தவனைக் கத்தியால் வெட்டிய கதையும் இந்தத் தீவில் உண்டு. பகல் முழுக்க வெயிலில் காய விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கதையும் உண்டு. காலடிகள் சல்லியில் நெருங்கின. அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கினாள். பாதி ஜெபத்தில் பாய் பறந்தது.

"அட! சாம்பியன்!"

லெயவாசா பாயைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றார். தூக்கக் கலக்கத்தில் லாவாலாவா என்னும் இடுப்பு வேட்டியை ஒரு கையால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரி, எந்திரி! என்னம்மா மகெரிதா, நீ ஏன் முட்டி போட்டுக்கிட்டு? ஆண்டவர் பேரால, ரெண்டு குடும்பத்துப் பேரால, எடுத்தாச்சு. முடிஞ்சுது. இனி அந்தப் பேச்சு இல்ல. உள்ள வாங்க, கொக்கோ குடிக்கலாம்."

மகெரிதாவுக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவுதானா? முட்டிகூட இன்னும் சரியாக வலிக்க ஆரம்பிக்கவில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்போது கிளம்பினால் இரண்டாவது அடுப்பு ரொட்டியை வேக வைத்துவிடலாம். வீட்டுப் பெண்கள் ஓடி வந்து பாயை வாங்கி, விளிம்பைத் தடவிப் பார்த்து, "என்ன சன்னம், என்ன சன்னம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டுபோனார்கள்.

"அந்தச் சண்டைய ரேடியோவுல கேட்டேன்பா," என்றார் லெயவாசா. "கடைசி ரவுண்டுல நான் சாமான எல்லாம் ஒடச்சிட்டேன். எங்க, அந்த இடது கைய எப்படி விட்ட, ஒரு தடவ காட்டு."

காட்டாதே என்று மகெரிதா கண்ணால் கெஞ்சினாள். அவன் காட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"ஓனோசாய் எங்க, ஐயா?"

"அவன் தோட்டத்துக்குப் போயிட்டான். மேல, மலையில. சேப்பங்கிழங்கு எடுக்கணும்னு நேத்தே போயி அங்கயே தங்கிட்டான். பொழுது சாய வருவான். நீ வா."

"அவன்தான் எடுக்கணும்."

"எத?"

"பாய."

லெயவாசாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "தம்பி, நான்தான் இந்தக் குடும்பத்துக்குத் தலைவன். நான் எடுத்தா எல்லாரும் எடுத்த மாதிரி. அதான் முறை."

"தெரியும் ஐயா. மன்னிச்சிருங்க ஐயா."

"மன்னிச்சிட்டேன்னுதானேய்யா சொல்றேன்!"

"நீங்க மன்னிச்சிட்டீங்க. அவன்?"

மகெரிதா குனிந்து அவன் காதுக்குள் சீறினாள். "டேய். எந்திரி. எடுத்த பாய வேண்டாங்கறது அவர் மூஞ்சியில துப்புற மாதிரி. உனக்குப் புத்தி இருக்கா?"

"இல்லக்கா. மன்னிச்சிரு."

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் பசிபிக் முழுக்க ஒருவனாலும் கீழே தள்ள முடியாத தலையை அறைந்தால் நம் கைதான் வீங்கும்.

லெயவாசா பெரிய மனிதர். அரை நாழிகை பொறுத்தார். கொக்கோவை வெளியே கொண்டு வரச் சொன்னார். ஈரப்பலாவைச் சுட்டுக் கொண்டு வரச் சொன்னார். அவன் தொடவில்லை. கடைசியில் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"சரி. நான் எடுத்துட்டேன். எடுத்தது எடுத்ததுதான். இனிமே என் முற்றத்துல யாரும் உக்காந்திருக்கல. என் கண்ணுக்கு அங்க ஒருத்தரும் தெரியல," என்று வீட்டாருக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு ஊரே அவனைப் பார்க்காமல் இருக்கத் தொடங்கியது. முற்றத்தைப் பெருக்க வந்த பெண் அவனைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுப் பெருக்கினாள். கொக்கோக் கொட்டை காய வைப்பவர்கள் அவன் வலமும் இடமுமாகப் பரப்பினார்கள். வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள்கூட வேறெதையோ பார்ப்பது போல நின்றார்கள். இதற்கு அடித்திருந்தால்கூடத் தேவலை என்று மகெரிதாவுக்குத் தோன்றியது.

வெயில் ஏறியது. அவன் மெல்லச் சொன்னான். "அக்கா, அந்தப் பாயக் கொஞ்சம் திருப்பிக் கேட்டு வாங்கித் தாயேன்."

"குடுத்த பாயவா? திருப்பியா? ஏண்டா, நான் இந்த ஊர்ல இனிமே ரொட்டி விக்க வேண்டாமா?"

"வெறுந்தலையோட இருந்தா இஃபோங்கா ஆகாதேக்கா."

"பாய் அவங்க பெட்டிக்குள்ள போயாச்சு. பாய்க்கு நான் எங்க போவேன்?"

அவன் வேலியோரம் நின்ற அவளுடைய கடை வண்டியைத் திரும்பிப் பார்த்தான். மாவு மூட்டை நனையாமல் இருக்கப் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் அதன் பின்பக்கத்தில் கிடந்தது. ஒரு பக்கம் பெரிய தேங்காய் ரொட்டிப் படம், கீழே 'மகெரிதா ரொட்டிக்கடை, தினமும் சுடச்சுட'.

"வேண்டாம்," என்றாள் மகெரிதா.

"தார்ப்பாயும் பாய்தானேக்கா."

அவனே போய் எடுத்து வந்தான். உதறினான், வெள்ளையாக மாவு பறந்தது. அதே இடத்தில் முழங்காலிட்டுத் தலையோடு போர்த்திக்கொண்டான். ரொட்டிப் படம் சரியாக முதுகின் மேல் வந்தது. வேலி ஓரத்தில் ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்தாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள், அங்கே ஒருவரும் இல்லை அல்லவா.

மகெரிதாவின் தொலைபேசி அடித்தது. கடையில் வேலை செய்யும் பெண். "அம்மா, மாவு பொங்கி சட்டிக்கு வெளிய வழியுது. என்ன பண்றது?"

"அமுக்கு."

"அமுக்கினேன்மா. மறுபடியும் எந்திரிக்குது."

"இங்க ஒண்ணு எந்திரிக்கவே மாட்டேங்குது, அங்க ஒண்ணு அமுங்க மாட்டேங்குது!" என்று கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

வண்டி நிழலில் போய் உட்கார்ந்தாள். கிளம்பிப் போய்விடலாமா என்று சாவியைக் கையில் எடுத்தாள். போனால் என்ன? நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை. ஆனால் அவன் திரும்பி வந்ததிலிருந்து ஒருநாள்கூட அவனைத் தன் கண் பார்வையை விட்டு அவள் விட்டதில்லை. பியர் விற்கும் கடை வழியாக அவன் தனியே நடந்து போனால் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். சாவியை வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொக்கோவை அள்ளிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். அவள் குடையோடு போய் அவன் பக்கத்தில் நின்றாள். தார்ப்பாயின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ரொட்டிப் படத்தின் மேல் குளமாக நின்றது. காலால் அதைத் தட்டிவிட்டாள், பாதி அவள் மேலேயே தெறித்தது.

"ஏண்டா என் உயிர வாங்குற? ஆன காரியத்த ஏண்டா கெடுக்குற? அந்த மனுஷன் மன்னிச்சார். ஊரு மன்னிச்சுது. நீ நெனச்சது நடந்துச்சுல்ல?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, ரிங்க்குல மணி அடிச்சதும் நடுவர் கையத் தூக்கி விடுவார். ஜனங்க கத்துவாங்க. ஆனா அதோட சண்ட முடியாது. நான் நடந்து போயி அடி வாங்குனவனக் கட்டிப் பிடிப்பேன். அவனும் என்னக் கட்டிப் பிடிப்பான். சில பேரு பிடிக்க மாட்டாங்க, தள்ளி விடுவாங்க. அதுவும் சரிதான். அப்பதான் முடியும். அன்னைக்கு நான் ஓனோசாய்கிட்ட போகல. சிரிச்சிக்கிட்டே கார்ல ஏறிட்டேன். அந்தச் சண்ட இன்னும் முடியலக்கா. அதுக்கப்புறம் எங்க போனாலும் நான் அடிச்சிக்கிட்டே இருந்தேன்."

மகெரிதாவின் கை தானாகவே குடையை அவன் பக்கம் சாய்த்தது. அதுவே கோபத்தைக் கிளப்பியது. "இத ஒழுங்கா காலையிலயே சொல்லித் தொலைச்சிருந்தா அவன் இருக்கற நாளாப் பாத்து வந்திருக்கலாம்ல?"

"மன்னிச்சிரு."

"இன்னொரு தடவ அந்த வார்த்தய சொன்ன, நானே உன்ன அடிப்பேன்."

மழை விட்டது. ஒரு கோழி வந்து தார்ப்பாயின் மேல் ஏறி உட்கார்ந்து சிறகை உலர்த்தியது. மகெரிதா அதை விரட்டவில்லை. அவளுக்கு எல்லாம் விட்டுப் போயிருந்தது.

வெயில் சாய்ந்தபோது ஓனோசாய் வந்தான். தோளில் காவடிக் கம்பு, இரண்டு பக்கமும் கிழங்குக் கூடை, காலெல்லாம் சேறு. எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நேராக நடந்து வந்தவன் வலது பக்கம் கிடந்த நீலக் குவியலில் கால் இடறித் தடுமாறினான். கோழி கத்திக்கொண்டு பறந்தது. ஒரு கூடை கவிழ்ந்து கிழங்குகள் சல்லியில் உருண்டன.

"எவன்டா இங்க தார்ப்பாயப் போட்டது? எனக்கு இந்தப் பக்கம் தெரியாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

மகெரிதா முன்னே வந்தாள்.

"நான்தான் ஓனோசாய். மகெரிதா. உள்ள இருக்கறது என் தம்பி."

ஓனோசாய் தலையை முழுக்கத் திருப்பி, நல்ல கண்ணால் தார்ப்பாயைப் பார்த்தான். ரொட்டிப் படத்தையும் பார்த்தான்.

லெயவாசா படியில் வந்து நின்றார். "எல்லாம் காலையிலயே முடிஞ்சு போச்சுப்பா. நான் எடுத்துட்டேன். பாய் உள்ள இருக்கு, நல்ல பாய். நீ கை கால் கழுவிட்டு வா."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப இனி யாரும் இதப் பத்திப் பேசக் கூடாது."

"பேசக் கூடாது. அதானே முறை."

"நானும் பேசக் கூடாது."

லெயவாசா தொண்டையைக் கனைத்தார்.

ஓனோசாய் காவடிக் கம்பை இறக்கி வைத்துவிட்டு, கவிழ்ந்த கூடையின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பவே போதகர் என் பேரால மன்னிச்சிட்டேன்னு கோயில்ல சொன்னார். எல்லாரும் ஆமென் போட்டாங்க. நான் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு படுத்திருந்தேன். இன்னைக்கு நீங்க எடுத்துட்டீங்க. நான் கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் நல்லவங்க மாமா. எனக்கு மட்டும்தான் இன்னும் வாய்ப்பு வரல."

"வாய்ப்பு இப்ப வந்திருக்குல்ல?" என்று மகெரிதா அவசரமாகச் சொன்னாள். "காலையில இருந்து உனக்காகத்தான் இருக்கான். தண்ணிகூட குடிக்கல. நீ எடுத்து விட்டா எந்திரிப்பான். வேணும்னா திட்டு. அடிக்கக்கூடச் செய்."

"அடிக்கவா? இந்த மலையவா?" ஓனோசாய் முதல் முறையாகச் சிரித்தான், ஆனால் அது நல்ல சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் குனிந்து தார்ப்பாயைப் பார்த்துச் சொன்னான். "டேய், கேக்குதா?"

"கேக்குது."

"உள்ள எப்படி இருக்கு?"

"மாவு வாசன. ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு."

"ம். எனக்குப் பாதிதான் அப்படி."

தார்ப்பாய் அசைந்தது. உள்ளே அந்தப் பெரிய தோள்கள் குலுங்குவது தெரிந்தது. மகெரிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையிலிருந்து அவளைத் தாங்கிப் பிடித்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது.

ஓனோசாய் கையை நீட்டினான். தார்ப்பாயின் விளிம்பைத் தொட்டான். அவன் அந்த விளிம்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"நான் எடுக்க மாட்டேன்கா."

"ஐயோ, ஓனோசாய்!"

"கோவத்துல சொல்லல. எடுத்தா முடிஞ்சிரும். முடிஞ்சா என் கண்ணு எப்படிப் போச்சுன்னு யார்கிட்டயும் நான் வாயத் திறக்க முடியாது. இத்தன வருஷமா இந்த ஊர்ல யாரும் அத என்கிட்ட பேசல. பேசறதுக்குன்னு ஒருத்தன் இப்பதான் வந்திருக்கான். அவனையும் ஒரு நிமிஷத்துல எழுப்பி அனுப்பச் சொல்றியா?"

லெயவாசா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு, "எடுத்தவனுக்கும் மரியாத இல்ல, உக்காந்தவனுக்கும் அறிவு இல்ல, இப்ப நீயுமா?" என்று முனகினார்.

ஓனோசாய் அதைக் காதில் வாங்கவில்லை. உருண்ட கிழங்குகளைத் தடவித் தடவிப் பொறுக்கத் தொடங்கினான். வலது பக்கம் உருண்டவை அவன் கைக்கு அகப்படவில்லை. தார்ப்பாயின் அடியிலிருந்து ஒரு பெரிய கை வெளியே வந்தது. விரல் முட்டியெல்லாம் உடைந்து உடைந்து சேர்ந்த கை. அது ஒவ்வொரு கிழங்காகத் தேடிப் பிடித்துக் கூடைப் பக்கம் தள்ளிவிட்டது. வேலி ஓரத்தில் இளவட்டங்கள் சிலர் கத்தியை இடுப்பில் செருகியபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகெரிதா அவர்களையும் பார்த்தாள், கையையும் பார்த்தாள்.

கூடை நிறைந்தது. ஓனோசாய் எழுந்து, கழுத்தைத் திருப்பி, நல்ல கண்ணை அவள் மேல் வைத்தான்.

"நாளைக்கு இதெல்லாம் சந்தைக்குப் போகணும்கா. ரோட்டுல வலது பக்கம் வண்டி வந்தா எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் நடக்க ஒரு ஆள் வேணும். உன் தம்பிய எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போறியா? எத்தன நாளைக்குன்னு மட்டும் கேக்காத."